அவளுக்குச் சொல்லத் தெரியாத கதை

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, நூலகத்தின் இரண்டாவது மாடிக் கூடத்தில் என் தங்கை பேசுவதற்காக எழுந்து நின்றாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒரு மின்விசிறி வேலை செய்யவில்லை.

டாக்டர், அவளுக்கு மனநல சிகிச்சை தருகிறவர் என்ற முறையில், நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். யாரிடமும் காட்ட மாட்டேன் என்று உறுதியும் தந்திருக்கிறீர்கள். அந்த உறுதியை நம்பி ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். முப்பது தடவையும் வருத்தமாகவே கேட்கும். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைப் பார்க்கிறாள். அவை எதிர்த்துப் பேசுவதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போகிறது.

சனிக்கிழமை வட்டம் என்பது, தன்னைத் தவிர வேறு யாரும் கண்ணில் படாத பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் கூடிப் பேசி ஆறுதல் தேடும் இடம். அப்படிப்பட்ட பெற்றோரை அங்கே ‘நார்சிஸிஸ்ட்’ என்பார்கள். நான் முதலில் போனது ஒரு சிநேகிதிக்குத் துணையாக. ஆளாளுக்கு ஒரு கொடுமையைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. விருந்துக்கு வெறுங்கையோடு போன மாதிரி. கைவசம் ஒரு கதை இருந்தது, சொன்னேன். அது தங்கையுடையது.

வீட்டுக்கு யாராவது வந்தால், திக்கித் திக்கிப் பேசி மானத்தை வாங்கும் மகளை அம்மா மாடிப்படிக்குக் கீழே சாமான் அறையில் பூட்டிவிடுவாள். இன்னொரு மகள் வந்தவர்களுக்குப் பாடிக் காட்டுவாள். இதுதான் கதை. நான் செய்தது ஒரே ஒரு திருத்தம். பூட்டப்பட்டவள் நான், பாடியவள் தங்கை என்று மாற்றினேன். இரண்டு இடங்களில் மட்டும் அளவாகத் திக்கினேன். அங்கே வருகிற பல் மருத்துவர் அழுதுவிட்டார். வழக்கமாக அவரிடம் போகிறவர்கள்தான் அழுவார்கள்.

ஒன்றரை வருடத்தில் ஆறு தடவை சொல்லியிருப்பேன். தடவைக்குத் தடவை மெருகேறியது. எல்லோரும் என்னை ‘அக்கா’ என்றார்கள். கூடப் பிறந்தவள்கூட அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு உயிரெழுத்தில் சிரமம்.

அந்த வட்டத்தைப் பற்றி அவளுக்கு யாரோ ஆய்வகத்தில் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் பதினான்காம் தேதி உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“நீ-நீயும் வர்றியாக்கா?”

மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாளாம். ஒரே ஒரு தடவை, மனுஷர்கள் முன்னால், முழுசாகச் சொல்லி முடித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரிடமும் பேசிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சொன்னாள். அவள் கதையை அவளுக்கே சொல்லத் தெரியவில்லை என்பதை நான் குறிப்பிட்டாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இருட்டைச் சொல்லிவிட்டாள். நான் அதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பேன்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒருவர் அங்கே உண்டு. அவர் கையைத் தூக்கினார். “இரும்மா, இது அக்கா கதையாச்சே?”

“ஆ-ஆமா. அவங்க எ-என் அக்காதான்.”

“ஓ! அந்தப் பாட்டுக்காரத் தங்கச்சி நீதானா?” என்றார் பல் மருத்துவர். ஒன்றரை வருடமாக அவள்மேல் கோபமாக இருந்தவர்.

“எ-எனக்குப் பாட வராதுங்க.”

“திக்குறதைக்கூட விட்டுவைக்கல பாருங்க. அதுவும் அக்காவைவிட ஓவரா,” என்றார் பல் மருத்துவர்.

கார்க்காரருக்கு வேகம் வந்துவிட்டது. “எங்களுக்கு வரிக்கு வரி தெரியும்மா. முதல்ல வாளியைக் கவுத்துப் போடுற சத்தம். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம்.”

தங்கை மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அது வா-வாளியா?” என்றாள். பிறகு, “அம்மாவுக்குத் தா-தாழ்ப்பாள் எட்டுமே. வாளி எ-எதுக்கு?”

அது என் தவறு. உள்ளே இருந்தவளுக்கு அது வெறும் டொங்கென்ற சத்தம். வாளி என்பது வெளியே நின்றவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது, தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. அம்மா சொன்னதெல்லாம், “அவளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ” என்பது மட்டும். பூட்டியது என் யோசனை. பாடும்போது கவனம் சிதறக் கூடாதல்லவா. வந்தவர்கள் போனதும் பெரும்பாலும் திறந்துவிடுவேன். அம்மாதான் பூட்டச் சொன்னாள் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிவைத்தேன். அவள் நம்பினாள். வேலைக்குப் போன நாளிலிருந்து அம்மாவிடம் பேசவில்லை. அம்மா இறந்தபோதும் வரவில்லை. சின்னவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று அம்மா கடைசிவரை என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை.

அன்று கூடத்தில் நான் அழுதேன். பத்துப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். பல் மருத்துவர் சுவரில் ஒட்டியிருந்த நார்சிஸிஸ்ட் குணங்களின் பட்டியலைக் காட்டினார். “அடுத்தவங்க வலியைக்கூடத் தன்னோடதுன்னு சொல்லிக்குவாங்கன்னு இங்கயே போட்டிருக்கே.” தங்கை பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மொத்தம் ஒன்பது குணங்கள். ஏழு அவளுக்கு அப்படியே பொருந்தின. மீதி இரண்டையும் சேர்ந்து யோசித்துப் பொருத்தினோம்.

அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. சிகிச்சைக்கு உதவும் என்றால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மன்னித்துவிட்டேன்.

வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அன்று மாலையே அவள் பெயரை வருகைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து, புதிதாக வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்து, அவர்கள் கதையை முதலில் கேட்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.