வேற காப்பி கொண்டா

அசையாதீங்கம்மா, ஊசி குத்திடும். இல்ல இல்ல, கோவமா பேசுங்க, தாராளமா பேசுங்க, இடுப்ப மட்டும் திருப்பாம பேசுங்க. டாக்ஸிக்குச் சொல்லிட்டீங்களா? நல்லது. இந்த நேரத்து நெரிசல்ல பர்பாங்க் ஸ்டுடியோவுலேருந்து பெரிய ஏர்போர்ட்டுக்குப் போறதுக்குள்ள விடிஞ்சிடும், அது உங்க இஷ்டம். ஆனா இந்தப் பச்சைப் பட்டு கவுனோட ப்ளேன் ஏற முடியாதுல்ல? கழட்டணும். கழட்டணும்னா கீழ குத்தியிருக்கிற நாப்பது குண்டூசியும் வெளிய வரணும். எடுக்கறேன், எடுக்கறேன். அவசரப்பட்டா பட்டு கிழிஞ்சிடும். நீங்க கண்ணாடியப் பார்த்தே நில்லுங்க.

என்னது? பின்னால வால் ரொம்ப நீளமா இருக்குதா? ஆமாம்மா, நீளம்தான். டைரக்டரும் அதையேதான் சொன்னான், என்ன செனாய்தா, துணி சும்மா கிடைச்சுதான்னு. பணக்கார வீட்டு எஜமானின்னா தரையக் கூட்டிக்கிட்டுதான் நடப்பா, உனக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டேன். பாவம், நல்ல பையன்தான். விவரம் பத்தாது.

காலைல ஒத்திகையில என்ன பெருசா ஆயிடுச்சுன்னு இப்ப பெட்டியக் கட்டறீங்க? ஆறு தடவ வசனம் மறந்து நின்னீங்க. சரி, ஏழு. நான் எண்ணல, அவன் எண்ணினான். அதுக்கு அவன் ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்க, எனக்கே ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு. நேரா போனேன் அவன்கிட்ட. தம்பி, இவங்க யாருன்னு தெரியுமா? மெக்சிகோவுல முப்பது வருஷம் சீரியல்ல ராஜ்ஜியம் பண்ணினவங்க. அங்க யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்க. பண்ண நேரம் ஏது? காலைல எழுதுவான், மத்தியானம் எடுப்பான், ராத்திரி ஊரே பார்க்கும். அதனால நடிக்கிறவங்க எல்லார் காதுலயும் பட்டாணி அளவுக்கு ஒரு மிஷின் இருக்கும். மாடியில கண்ணாடி ரூமுக்குள்ள ஒருத்தர் மைக் வெச்சுகிட்டு வசனத்தப் படிப்பாங்க. காதுல விழுந்த மறு நொடி வாயில வரணும். இடது பக்கம் திரும்பு, இப்ப அழு, இப்ப அறை, எல்லாமே காதுலதான் வரும். முப்பது வருஷம் அப்படி இருந்தவங்ககிட்ட ரெண்டு நாளைக்கு முன்னாடி இங்கிலீஷ்ல பதினாலு பக்கத்தக் குடுத்து ஒப்பிக்கச் சொன்னா எப்படிடான்னு கேட்டேன்.

அவன் என்ன சொன்னானா? இங்க காதுல மிஷின் வைக்கிற வழக்கம் இல்லன்னுட்டான். அதோட விட்டானா? அந்த ஆணியில தொங்குதே, பார்த்தீங்களா? வேணாம், திரும்பாதீங்க, கண்ணாடியிலயே தெரியுது. வெள்ளை ஏப்ரன். அத இஸ்திரி போட்டு வை செனாய்தான்னு சொன்னான். எதுக்குன்னு புரியுதா? நீங்க டாக்ஸி ஏறினதும் கதைய மாத்திடுவாங்க. வீட்டு எஜமானி யாரோ ஒரு வெள்ளைக்காரி ஆயிடுவா, நம்ம ஊர்க்காரி ஒருத்தி வேலைக்காரியா அந்த ஏப்ரனக் கட்டிக்கிட்டு காப்பித் தட்டோட வந்துட்டுப் போவா. யதீரான்னு ஒரு பொண்ண அதுக்காகவே வெளிய உக்கார வெச்சிருக்காங்க. அதுக்கு வசனமே கிடையாது, தட்டு மட்டும்தான். சின்னப் பொண்ணு, வேலை கிடைச்சா சந்தோஷம்தான்னு உக்கார்ந்திருக்கு. பாவமா இருக்கு.

நான் இந்த ஸ்டுடியோவுல தையல் வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சும்மா. நடிக்க வர்ற நம்ம மெக்சிகோ பொண்ணுங்களுக்கு என்னென்ன தச்சிருக்கேன் தெரியுமா? ஏப்ரன். அப்புறம் ஏப்ரன். ஒரு தடவ ஜெயிலுக்குப் போன பையனோட அம்மாவுக்கு கறுப்புச் சால்வை. ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவளுக்கு நீலக் கோட்டு, அதுலயும் முழங்கால்ல நானே அழுக்குப் பண்ணித் தரணும். யாருக்கும் பேரு கிடையாது. துணியில குத்துற சீட்டுல வேலைக்காரி ஒண்ணு, வேலைக்காரி ரெண்டுன்னு எழுதுவேன். இந்தப் பட்டுக்கு சீட்டு எழுத உக்கார்ந்தப்ப எனக்குக் கை ஓடவே இல்ல. வீட்டுச் சொந்தக்காரி தோன்யா அமாலியான்னு உங்க வேஷத்தோட முழுப் பேரையும் எழுதினேன். எழுதிட்டு ஓரமாப் போய் மூக்கச் சிந்திட்டு வந்தேன், வெக்கமில்லாம சொல்றேன்.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் அசையுது.

முன்னெல்லாம் இந்த வெள்ளைக்காரங்க நம்ம சீரியலக் கிண்டல் பண்ணத்தானே எடுப்பாங்க? ஒருத்தன் ஒட்டு மீசை வெச்சுகிட்டு ஐயோ ஐயோன்னு கத்துவான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. இப்ப பாருங்க! செத்துப்போனான்னு நினைச்சவன் எந்திரிச்சு வர்றான், கல்யாணம் நடக்கும்போது கதவு திறக்குது, ரெட்டைப் பிறவியில ஒருத்தி கெட்டவளா இருக்கா. எல்லாம் நம்ம அடுப்புல வெந்தது. இவங்க தட்டுல போட்டு, இவங்க கண்டுபிடிச்சாப்புல பரிமாறுறாங்க. பரவால்ல, பரிமாறட்டும். பந்தியில நமக்கும் ஒரு இலை போடணுமா இல்லையா?

அந்த இலைதான் இன்னைக்கு உங்களுக்கு முன்னால இருக்கு. நீங்க என்னடான்னா எந்திரிச்சு ஓடறேங்கறீங்க.

உங்களை யாருக்கும் ஞாபகமில்லையா? நல்லா சொன்னீங்க போங்க! போயில் ஹைட்ஸ்ல எங்க தெருவுக்கு வந்து பாருங்க. ரொட்டிக்கடை உபால்தோ கல்யாணம் பண்ணி இருபத்தாறு வருஷம் ஆச்சு, தினமும் காலைல அவன் பொண்டாட்டி கப்ப நீட்டி என்ன சொல்றா தெரியுமா? காப்பி ஆறிப்போச்சு, வேற கொண்டா. அதே குரல்ல, அதே மாதிரி ஒரு புருவத்தத் தூக்கிக்கிட்டு! ஒத்திலியா அம்மான்னா தெரியாதவன் இருப்பான், லியோகாதியான்னா எவனுக்குத் தெரியாது? நீங்க அந்த வில்லியா வந்த காலத்துல சந்தையில தக்காளிக்காரி உங்களுக்குத் தக்காளி தர மாட்டேன்னு சொன்னாளாமே? கோயில் வாசல்ல ஒருத்தி குடையால அடிச்சாளாமே? ரெண்டு தடவையா! பாருங்க, அதுக்கு மேல என்ன விருது வேணும் ஒரு நடிகைக்கு?

அந்த ஒரு காட்சிதானே அதுக்குக் காரணம்? புருஷன் சாகக் கிடக்கறான். கைய நீட்டறான், லியோகாதியா, என்னை மன்னிச்சிடுன்னு சொல்லிட்டு உசுர விடறான். ஊரே நினைக்குது, இப்ப இவ அழப்போறா, இவ்வளவு நாள் பண்ணின பாவமெல்லாம் கரையப்போகுதுன்னு. நீங்க மெதுவா நிமிர்ந்து, கதவுப் பக்கம் பார்த்து, இந்தக் காப்பி ஆறிப்போச்சு, வேற கொண்டான்னீங்க. ஐயோ மாதாவே! இப்ப சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்குது.

இந்தக் கம்பெனில உங்களைத்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன நெஸ்தோர் இருக்கானே, கதை எழுதுறவன், அவன் எதுக்காக நின்னான்னு நினைக்கறீங்க? அவங்க அம்மா ஓட்டல்ல படுக்கை விரிக்கிற வேலை பார்த்தவ. வீட்டுக்கு வந்ததும் செருப்ப உதறிட்டு, நாற்காலியில சாஞ்சு, அந்த வசனத்தச் சொல்லுவாளாம். அந்த ஒரு நிமிஷம் அவதான் ராணி. அதுக்காகத்தான் இன்னைக்குக் கடைசிக் காட்சியில அதே வசனத்த, நம்ம பாஷையிலயே வெச்சிருக்கான். இங்கிலீஷ்ல தடுமாறினீங்களே, காலைல அந்த ஒரு வரியில மட்டும் தடுமாறினீங்களா? இல்லையே! அந்த விளக்குப் பிடிக்கிறவன் கூட வேலைய விட்டுட்டுப் பார்த்தான்.

அந்தச் சத்தமா? ஜனங்கம்மா. எதிர்ல உக்கார்ந்து ஷூட்டிங் பார்க்க உள்ள விட ஆரம்பிச்சுட்டாங்க. இருநூறு பேரு. முக்காவாசி நம்மாளுங்கதான், ரெண்டு பஸ் பிடிச்சு வந்திருக்காங்க. பூசைக்குப் போற மாதிரி தலையெல்லாம் வாரி, குழந்தைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு. உபால்தோ ஒரு கூடை இனிப்பு ரொட்டியோட வந்து வாசல்ல காவலாளிகிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்கான்.

டாக்ஸிக்காரன் கூப்பிடறானா? எடுக்காதீங்க, ஊசி. ஒரு நிமிஷம்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? இல்லம்மா, நீங்க என்னைப் பார்த்ததே இல்ல. இந்த நாலு நாளுக்கு முன்னாடி ஒரு தடவ கூடப் பார்த்ததில்ல, குவாதலூப்பே மாதா மேல சத்தியம். குரல்தானே? அப்படிச் சொல்லுங்க. குரல் கரகரன்னு இருக்கும், பிறந்ததுலேருந்தே அப்படித்தான். எங்க அப்பா தகரக் குரலின்னுதான் கூப்பிடுவாரு.

உங்களுக்கு மாடியிலேருந்து வசனம் சொல்லிட்டிருந்தது ஹசிந்தான்னு ஒருத்தி. தேன் மாதிரிக் குரல். ஞாபகம் இருக்கா? எங்க அண்ணிதான். அவ பிரசவத்துக்குப் போனப்ப மூணு வாரம் வேற ஆள் உக்கார்ந்திச்சு இல்ல, தகரத்துல ஆணி இழுத்தாப்புல? நீங்க கூட கீழேருந்து கத்தினீங்க, யாருடா அது, காதுக்குள்ள கோழி கத்துதுன்னு.

கண்ண மூடிக்கங்க. மூடுங்கன்னா. இடது பக்கம். மெதுவா. முகவாயத் தூக்கு. இப்ப பேசு.

ஹா, பார்த்தீங்களா, உடம்பு தானாத் திரும்புது! நான்தாம்மா அந்தக் கோழி.

இருங்க, இன்னும் இருக்கு. இத இருபத்தேழு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்க அண்ணிகிட்ட கூட. அந்தக் காட்சிக்கு எழுதியிருந்த வசனம் என்ன தெரியுமா? என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு சொல்லி அவன் நெஞ்சு மேல விழுந்து அழணும். அதுதான் தாள்ல இருந்துச்சு. அந்த ஆளு சாகறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு, ஞாபகம் இருக்கா, இழுத்து இழுத்துச் செத்தாரு. காலைலேருந்து எனக்கு வாய் காஞ்சு போச்சு. அந்த நேரம் பார்த்து கேன்டீன் லூச்சா கதவத் திறந்தா. நான் மைக்க அணைக்காம அவகிட்ட சொன்னேன். இந்தக் காப்பி ஆறிப்போச்சு, வேற கொண்டா.

கீழே பார்க்கறேன், நீங்க நிமிர்ந்து அதையே சொல்றீங்க!

எனக்கு உசுரே போயிடுச்சு. சரி, தொலைஞ்சேன், சீரியலையே கெடுத்துட்டேன், பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்கன்னு பின் மாடிப்படியில இறங்கினவதான். ஸ்வெட்டரக் கூட எடுக்கல. ராவோட ராவா பஸ் ஏறி, எல்லையத் தாண்டி இங்க அக்கா வீட்டுல வந்து விழுந்தேன். எல்லாரும் பசிக்காக, பயத்துக்காக வடக்க வந்தாங்க. நான் ஒரு காப்பிக்காக வந்தேன். ஆறு மாசம் கழிச்சு இங்க அந்தக் காட்சி வந்துச்சு. அக்கா வீட்டுல எல்லாரும் சோபா மேல ஏறி நின்னு கத்தறாங்க, நான் கையில இருந்த தட்டப் போட்டு உடைச்சேன்.

அழறீங்களா, சிரிக்கறீங்களா? ரெண்டுமா? சரி, மை கலையாம பண்ணுங்க.

இதத்தான் சொல்ல வந்தேன். அந்த வசனத்த எவனும் எழுதல. தாகமெடுத்த ஒருத்தி கேட்ட காப்பி அது. அத ஒரு நாடே நடுங்கறாப்புல ஆக்கினது நீங்க. உங்களுக்கா வசனம் மறந்துடும்னு பயம்?

குனிஞ்சு பாருங்க இப்ப. ஊசி எடுக்கறேன்னு சொல்லிட்டு இவ்வளவு நேரம் தச்சு முடிச்சுட்டேன். வால் ஏன் இவ்வளவு நீளம்னு கேட்டீங்களே, இத ஒழுங்கு பண்றதுக்கு செட்டுல இருக்கிற சோபா பின்னால ஒரு ஆளு குத்தவெச்சு உக்கார்ந்தே ஆகணும். டைரக்டரே ஒத்துக்கிட்டான். ஒத்திகையக் கேட்டுக்கிட்டே தச்சதுல பதினாலு பக்கமும் மனப்பாடம் ஆயிடுச்சு எனக்கு. இங்க மிஷின்தானே கூடாது? கோழி கூடாதுன்னு எவனும் சொல்லலையே.

விளக்கு போட்டுட்டாங்க. கிளம்புங்க, நான் வாலத் தூக்கிக்கறேன். யதீரா, அடியே யதீரா, அந்த ஏப்ரன எடுத்து உள்ள வை, அப்படியே வெளிய டாக்ஸிக்காரனப் போகச் சொல்லிடு! நடங்கம்மா. ஒண்ணு மட்டும். எல்லாம் முடிஞ்சப்புறம் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துடுங்க. அன்னைக்குக் கேட்டது இன்னும் வரல.