இரண்டாவது குச்சி

ஆமாம் இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தக் குச்சியில் இருப்பது என் கையெழுத்துதான். ஐஸ் குச்சி. பென்சிலால் எழுதியது. மை மழையில் கரையும், பென்சில் கரையாது.

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதிக்கொண்டீர்கள். வயது இருபத்தேழு. மணமாகவில்லை. கல்லூரித் தாவரவியல் துறையில், உலர்ந்த செடிகளைச் சேமிக்கும் அறையில் உதவியாளர். காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, கீழே பெயர்ச்சீட்டு ஒட்டுவது வேலை. மூன்று ஆண்டுகளாக அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா, அவள் கணவர், நான். வேறு யாருமில்லை.

வீட்டின் பின்னால் பன்னிரண்டடிக்கு எட்டடி மண் உண்டு. நாங்கள் அங்கே எதையும் நட்டதில்லை. பறவை போட்டது, காற்றில் வந்தது, காய்கறித் தோலோடு விழுந்தது, இவைதான் முளைக்கும். இன்னதென்று தெரியும்வரை எதையும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நடுவேன். பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் 'தெரியாதது' என்று ஓர் எண்.

மாமா சிரிப்பார். "முளைச்சதுக்கெல்லாம் பேர் வெச்சுக்கிட்டிருக்கா உன் தங்கச்சி. எனக்கும் ஒரு குச்சி நட்டுடும்மா. தெரியாதது, நம்பர் பதினாலுன்னு போடு."

"உங்களுக்குக் குச்சி பத்தாது, கம்புதான் வேணும்" என்பாள் அக்கா.

அது நன்றாக இருந்த நாட்களில்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி குழாயடியில் நான்கு கன்றுகளைப் பார்த்தேன். அப்போது ஒவ்வொன்றிலும் நான்கு இலைதான். மணத்தக்காளி என்று முடிவு செய்து, குச்சியில் 'மணத்தக்காளி. கீரை' என்று எழுதி நட்டேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வளரட்டும், பறிச்சுக்கலாம்" என்றாள். அதன்பின் பதினேழு நாள் கழித்து, ஞாயிறு காலையில், இலையின் அடிப்பாகம் ஒருபக்கம் ஏறியும் ஒருபக்கம் இறங்கியும் இருப்பதைக் கவனித்தேன். கசக்கி முகர்ந்தேன். நாறியது. ஊமத்தையாக இருக்கலாம் என்று தோன்றியது. பூவைப் பார்க்காமல் உறுதியாக எழுதுவது எங்கள் அறையில் வழக்கமில்லை. ஆகவே இன்னொரு குச்சியில் 'ஊமத்தை? விஷம். பூ பார்க்க வேண்டும்' என்று எழுதி, முதல் குச்சிக்கு இரண்டு விரற்கடை பின்னால் நட்டேன். முதல் குச்சியை எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். எங்கள் அறையில் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் தவறான பெயர் எழுதியிருந்தாலும் அது அங்கேயே இருக்கும். சரியானதைத் தேதி போட்டு அதன் கீழே ஒட்டுவோம். படிப்பவர் கடைசிச் சீட்டைப் பார்த்துக்கொள்வார். தோட்டத்தில் நிற்பவர் முன்னால் இருக்கும் குச்சியைத்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது குச்சியைப் பற்றி அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அதன்பின் நல்ல மழை. செடிகள் முக்கால் முழம் வளர்ந்து, பின்னாலிருந்த குச்சியை மூடிக்கொண்டன.

அதே சமயத்தில் மாமா அக்காவிடம் கேட்காமல் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிவிட்டார். இருவரும் பதினோரு நாள் பேசிக்கொள்ளவில்லை. "கிளம்பிடுவீங்களா? அதுக்குள்ள உங்களை ஒருவழி பண்றேன் பாருங்க" என்று அக்கா கத்தியதாக அடுத்த வீட்டுத் தையற்காரம்மா சொல்லியிருக்கிறார். கத்தினாள். நானும் கேட்டேன். அடைத்துக்கொண்ட குழாயையும், தாமதமாக வரும் பால்காரரையும்கூட அக்கா ஒருவழி பண்ணுவதாகத்தான் சொல்வாள்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி காலை எட்டரைக்கு நான் வேலைக்குப் போனேன். அன்று மதியம் அக்கா நான்கு செடிகளையும் வேரோடு பிடுங்கி, இலையை ஆய்ந்து, வதக்கி மாமாவுக்கு வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. முந்தைய நாள் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள், பால்தான் குடித்தாள். பல் மருத்துவரின் சீட்டைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணிக்கு மாமா, "வாயெல்லாம் காயுது, தண்ணி குடு" என்றாராம். பதினோரு நாளில் அதுதான் முதல் பேச்சு. அக்கா அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். அதன்பின் மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்தாள்.

"ஏய், மாமா சுவத்தைப் பார்த்துப் பேசறார்டி. அந்தக் கீரை நல்லதுதானே?"

"எந்தக் கீரை?"

"குழாயடியில இருந்தது. நீதானேடி எழுதி வெச்சே?"

மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஊமத்தை என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

நான் போனபோது மாமாவின் கண் முழுக்கக் கருவிழியாக இருந்தது. போர்வையிலிருந்து, அங்கே இல்லாத எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றிரவு வலிப்பு வந்தது. அதன்பின் இன்றுவரை கண் திறக்கவில்லை.

நீங்கள் காட்டிய புகைப்படத்தில் இரண்டாவது குச்சி மட்டும் நிற்கிறது. இலைகள் போய்விட்டதால்தான் அது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. இதைத் தனி வரியாக எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறீர்கள். முதல் குச்சி வேரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். மறுநாள் காலைக் குப்பை வண்டியில் போயிருக்க வேண்டும். நேற்று குப்பைக் கிடங்கில் மாலைவரை கிளறினேன். ஐஸ் குச்சிகள் நிறைய இருந்தன. என்னுடையது இல்லை.

இதுவரை எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். 'இரண்டாவது குச்சியைப் பற்றி அக்காவிடம் நான் சொல்லவில்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அந்த வரியை அழிக்கும்படி கேட்டேன்.

"அழிக்கக் கூடாதும்மா. குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழ எழுதணும். பழசும் தெரியணும்."

அந்த விதி எனக்குத் தெரியும் என்றேன்.

திருத்தம்: இரண்டாவது குச்சியை நட்டபோது அக்கா ஆறடி தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். அவள் 'ம்' என்றாள். சொன்னது செடியைப் பற்றியா, மழை வரப்போவதைப் பற்றியா என்று நினைவில்லை. மூன்று நாளாக நினைத்துப் பார்க்கிறேன். அவள் 'ம்' என்றது மட்டும்தான் காதில் இருக்கிறது.

"இதை எழுதினா உங்க அக்காவுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்று எழுத்தர் தலை தூக்காமல் கேட்டார். யோசித்தேன் என்றேன். எழுதச் சொன்னேன்.

கோடு போட்ட வரி நீங்கலாக, மேலே உள்ளவை எனக்குத் தெரிந்தவரை உண்மை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)

குறிப்பு: சாட்சி திருத்தத்தின் ஓரத்திலும் ஒப்பமிட்டார். அதன்பின் பேனாவை மூடி வைத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு, அக்காவுக்கு மாற்றுத்துணி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு போனார்.