கதவில் தொங்கிய சட்டை

மதியச் சாப்பாடு தனியாகச் சாப்பிட்டால் எனக்கு இறங்காது, ஐயா. அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

என் பெயர் அப்பாவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் வெல்டர். கப்பலில் ஓடி ஓய்ந்த கன்டெய்னர்களுக்கு ஜன்னல் வெட்டி, ஹோட்டல் சமையலறையாகவும் பாராகவும் மாற்றித் தருவோம். நெடுஞ்சாலையில் நீங்கள் டீ குடிக்கிற கடையில் ஒன்றிரண்டு நான் செய்ததாக இருக்கும். பெயின்ட் வேலை ஜெரால்டுடையது. ஒன்பது வருடம் ஒன்றாக இருந்தோம். எனக்குக் குடும்பம் கிடையாது. அவன் மனைவி கிறிஸ்டினா தினமும் இரண்டு டப்பா கட்டுவாள், ஒன்று எனக்கு. கருவாட்டுக் குழம்பு வைத்தால் பெரிய துண்டு என் டப்பாவில்தான் இருக்கும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கன்டெய்னர் கதவை வெளியிலிருந்துதான் பூட்டவோ திறக்கவோ முடியும். அதனால் உள்ளே போகிறவன் சட்டையைக் கழற்றிக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவான். சட்டை தொங்கினால் யாரும் கதவைத் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. மறந்தவனைத் திட்டாமல் விட்டதில்லை.

மே மாதம் ஜெரால்டுக்குத் தூத்துக்குடியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய் நிற்கவில்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். ஞாயிறு நாலு மணி மின்சார ரயிலைப் பிடித்தால்தான் எழும்பூரில் தூத்துக்குடி வண்டி கிடைக்கும். அடுத்த மாதம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்வேன் என்றான். நல்லதுடா என்றேன். எனக்கு அழுகையாக வந்தது.

அந்த ஞாயிறு பட்டறை விடுமுறை. நான் மட்டும் இருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து ஜெரால்டு நேராக அங்கே வந்தான். ஒரு சமையலறை கன்டெய்னர் பாக்கி இருந்தது. ஜன்னல் இன்னும் வெட்டவில்லை.

“உள்ள ஒரு கோட்டு நான் அட்ச்சுட்டுப் போறேண்ணா. நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?”

சட்டையை மாட்டிவிட்டு உள்ளே போனான். நான் அந்தச் சட்டையை எடுத்து மடித்தேன். கதவைச் சாத்திக் கம்பிகளைப் போட்டேன். அவன் வண்டியைத் தவறவிட்டால் போதும், அவ்வளவுதான் என் எண்ணம். இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

கத்திரி வெயில். உள்ளே தின்னர் நெடி. சற்று நேரத்தில் தட்டினான்.

“அண்ணா, காத்துல கதவு சாத்திக்கிச்சு போல. தொறண்ணா.”

அந்தக் கதவு காற்றில் பூட்டிக்கொள்ளாது, ஐயா. நாலு கம்பியையும் கையால் போட்டாக வேண்டும். என்னைவிட அவனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னான், நான் கூச்சப்படாமல் திறக்கட்டும் என்று. அவன் அப்படிப்பட்டவன். அப்படி ஒருவனை எப்படிப் போகவிடுவது?

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கிறிஸ்டினா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தேன். உள்ளே அவன் இருந்ததால் சாப்பாடு இறங்கியது.

தட்டுகிற சத்தம் இரண்டரை மணிக்கு நின்றது. ரயில் நாலு மணிக்கு. நான் நாலேகாலுக்குத் திறந்தேன். மடித்த சட்டையை அவன் தலைக்கடியில் வைத்தேன்.

சட்டை மாட்ட மறந்துவிட்டான், ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். கிறிஸ்டினாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“நீ இன்னாண்ணா பண்ணுவ? ஆண்டவரு கூட்டிக்கினாரு.”

அந்தச் சமையலறைக்கு ஜன்னல் வெட்டி அனுப்பிவிட்டேன். கிறிஸ்டினாவும் மகளும் இங்கேயேதான் இருந்தார்கள். ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அந்த மூன்று மாதம் எனக்குக் குறை எதுவும் இல்லை.

போன ஞாயிறு, மகளைக் கூட்டிக்கொண்டு ஆரணியில் அண்ணன் வீட்டுக்கே போய்விடப் போவதாகக் கிறிஸ்டினா சொன்னாள். போவதற்கு முன் இரண்டு பேரும் பட்டறைக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கம்மா என்று என் வாய் தானாகச் சொன்னது. நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஐயா, நான் இன்றே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.