போட்டாச்சு

ஈரத் துண்டைக் கட்டிலில் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மெத்தையில் ஒரு புளித்த வாடை ஏறிவிடும். எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் போகாது. என் கணவர் குளித்துவிட்டு வந்தால் துண்டு கட்டிலில்தான் கிடக்கும். "கொடியில போடுங்களேன்" என்பேன். "அட, மறந்துட்டேன்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. மருத்துவமனையில் என் கணவரிடம் எடுத்த ரத்தத்தில் மருந்தே இல்லை, ஆனால் மாத்திரை அட்டையில் கணக்கு சரியாக இருக்கிறது, அது எப்படி என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

அவருக்கு மறதி நோய் எதுவும் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார். என்றோ படித்துவிட்டுப் போன மாணவன் தெருவில் எதிர்ப்பட்டால் பெயரையும் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் சேர்த்துச் சொல்வார். பழைய சினிமாப் பாட்டெல்லாம் சரணம் விடாமல் வரும். தனக்குப் பிடித்த ஒன்றை அவர் மறந்து நான் பார்த்ததில்லை. சாவி, குடை, கண்ணாடி, கேஸை மூடுவது, சொந்தத் தங்கையின் பிறந்தநாள் என்று மற்ற எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "எனக்கு எதுக்குங்க மூளை? அதான் கல்யாணத்தப்பவே ஒண்ணைக் கட்டி வச்சிட்டாங்களே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த மூளை என்னென்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? குளியலறைச் சல்லடையில் சோப்பு நுரையோடு சுருண்டு கிடக்கும் அவர் முடியை விரலால் பிடுங்கி எடுத்தது. ஜன்னல் விளிம்பில் அவர் வெட்டிப் போட்ட நகத் துண்டுகளைக் கூட்டியது. நாற்காலிக்கு அடியில் அவர் மறந்துபோன டீ கிளாஸில் பாலாடை காய்ந்து, அதில் எறும்பு செத்து ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டியது. குமட்டலை அடக்கிக்கொள்வதும் ஒரு வீட்டு வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் ஒரு மாத்திரை. டாக்டர் எங்கள் இருவருக்கும்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. ரத்தம் கட்டிக்கும். அது மூளைக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"என் மூளைதான் இவகிட்ட இருக்கே, அங்க எப்படிப் போகும் டாக்டர்?" என்றார் அவர். டாக்டரும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து மாத்திரையை நான்தான் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைப்பேன். ஏதாவது கதை சொல்லிக்கொண்டே விழுங்குவார். விழுங்கியது நினைவில் நிற்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்: "ஏம்மா, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்பேன்.

என் அம்மா வெளியூரில் இருந்தாள். ஒரு நாள் நான் அச்சகத்தில் இருந்தபோது சித்தி எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, என் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். இவர்தான் எடுத்தார். வந்ததும் பேசச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது, டீயில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த காலையில், முகத்தில் சோப்பைத் தேய்த்தபடி, "ஏம்மா, உங்க சித்தி கூப்பிட்டாங்களே, பேசிட்டியா?" என்றார்.

நான் கூப்பிட்டபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "போனைத் தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுக் கெடந்தாடி. உனக்கு என்ன அப்படி வேலை?" என்றாள் சித்தி. அவர் மறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூசியது.

அதற்காக நான் ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லோரும் மறக்கிறார்கள்.

சில மாதங்களுக்குப் பின் அவருடைய தங்கையும் தங்கை கணவரும் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு மறதியைப் பற்றிப் போனது. "நீங்கல்லாம் என்ன மறந்தீங்க? நான் மாமியாரோட கடைசி போனையே முழுங்கினவன்" என்று சொல்லி அவர் சிரித்தார். வாய் நிறையச் சோறு இருந்தது. மென்றதில் கொஞ்சம் தெறித்து மேசை விரிப்பில் விழுந்தது. "சும்மா இருண்ணா, அண்ணி பாக்கறாங்க" என்றாள் தங்கை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஈரத்துணி கொண்டுவந்து, விழுந்ததைத் துடைத்தேன். துணி வழியாக அதன் சூடு விரலில் பட்டது.

அவர்கள் போன பிறகு என்னுடைய பிரஷர் மாத்திரையை விழுங்கினேன். கூடத்திலிருந்து அவர், "மாத்திரை போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்றேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அவருக்குக் கொடுக்கவே இல்லை. உண்மையிலேயே மறந்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் மறந்திருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக அவர் இந்தச் சுகத்தில்தான் இருந்திருக்கிறார். நான் மீதிப் பாத்திரங்களையும் கழுவி முடித்தேன்.

என் தொழிலில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் ஓரத்தில் 'யார்?' என்று எழுதிக் கேள்விக்குறி போடுவோம். போட்டாச்சு என்றால் யார் போட்டது? நானா, அவரா? அந்தச் சொல்லில் ஆளே இல்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் ஒரு நாளாவது, "நான் போட்டேனா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தன் உயிரைப் பற்றிய கேள்வியில்கூடத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சோம்பல்பட்ட மனிதர். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளும் வந்துபோனது. அதையும் அவர் கேட்கவில்லை.

கடைசி நாள் சாப்பிட்டு எழுந்து வாய் கொப்பளிக்கப் போனார். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதன் வழியாக எச்சிலும் மெல்லாத சோறும் ஒழுகின. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாத்த… போத்தாச்சா?" என்று குழறினார். முகவாயைத் துடைத்துவிட்டு, "போட்டாச்சு" என்றேன். அவரை உட்காரவைத்தேன். வாஷ்பேசினைப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வருகிறவர்கள் வாஷ்பேசினை அந்தக் கோலத்தில் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இப்போது துண்டு கொடியிலேயே கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்தேதான் இருக்கிறது.

இனி அட்டை. அட்டையில் மாத்திரை மிஞ்சினால் என்றைக்காவது அவர் கண்ணில் பட்டுவிடலாம். அதனால் தினமும் அவர் கேட்பதற்கு முன்பே ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அந்த வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அது கரைந்து ஓட்டைக்குள் இறங்கும்வரை நிற்பேன். அதை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. ஆகவே அவர் கேட்டபோதெல்லாம் நான் சொன்னது உண்மை. போட்டாயிற்று. என் கணவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

இதைத் தட்டச்சு செய்கிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லை அப்படியே அடிக்கட்டும். வாக்கியம் முழுமையாக இல்லையே என்று, அதற்கு முன்னால் 'நான்' என்று சேர்த்துவிட வேண்டாம்.