ஏசிக் குளிர்

டீ ஆறுது, குடிங்க சார். பாண்டி கடை டீ, இஞ்சி தட்டிப் போட்டிருப்பாரு.

என் பேரு காளீஸ்வரி. ராஜபாளையத்துல இந்த டயாலிசிஸ் சென்டருக்கு நான்தான் இன்சார்ஜ் சிஸ்டர். வாசல்ல போர்டு பார்த்திருப்பீய, 'ரத்தத்தில் தொற்று இல்லாத நாட்கள்'னு. தெனமும் காலையில நம்பரை மாத்துறது நான்தான். நானூத்திப் பன்னெண்டு ஆச்சு. கேடயம்கூடக் குடுத்தாக.

ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டர்ல ஸாவித்ரி இருக்கா, என்கூடப் படிச்சவ. யாராச்சும் லேசா நடுங்கினாப் போதும், கிருமி இருக்கான்னு பாக்க ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டில்ல எடுத்து மதுரை லேபுக்கு அனுப்பிருவா. அங்க கிருமி வளரும், இவ போர்டை அழிச்சு முட்டை போடுவா. இந்த வருஷம் நாலு முட்டை. அந்த நாலு பேரும் உசுரோட நடமாடுறாகன்னு பெருமை வேற. அதை எழுத போர்டுல எடம் ஏது?

நீங்க விசாரிக்க வந்த சீனிச்சாமி அண்ணாச்சிக்கு வருவோம். சோழபுரத்துச் சம்சாரி, வெவசாயம். டயாலிசிஸுக்காகக் கையில ஆபரேஷன் பண்ணின நரம்பு இன்னும் தேறல, அதனால கழுத்துல குழாய் வச்சு அது வழியாத்தான் டயாலிசிஸ். குழாய் வாயை நல்லாத் தேய்ச்சுத் துடைக்கணும், ஒவ்வொரு ஆளுக்கும் கையுறை மாத்தணும். எல்லாருக்கும் வகுப்பெடுக்கிறதே நான்தான். அன்னைக்குக் கூட்டம். பக்கத்துக் கட்டில் ஆளுக்குப் போட்ட கையுறையோடயே இவருக்கும் மெஷினை மாட்டிட்டேன். ரெண்டு பேரும் நம்ம ஆளுகதானே.

அடுத்த தடவை வந்தாரு. மெஷின் ஓடி அரை மணி நேரத்துல கட்டிலே ஆடுச்சு. "குளிருது தாயி"ன்னாரு. பாருங்க, அவரே குளிர்னு சொல்லிட்டாரு. நோயாளி சொன்னதைத்தானே எழுதணும்? ரிஜிஸ்டர்ல 'ஏசிக் குளிர்'னு எழுதி, ஏசியை அணைச்சு, போர்வை போத்தி, ஒரு காய்ச்சல் மாத்திரை குடுத்தேன். எம்புட்டுக் கரிசனம் பாருங்க.

ரெண்டாவது தடவையும் ஏசிக் குளிர். அன்னைக்குக் கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்ல மெஷின் மட்டுந்தான் ஓடுச்சு. கை பழக்கத்துல எழுதிருச்சு.

மூணாவது தடவை அவரு வீட்டுக்காரி இசக்கியம்மாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஏ தாயி, வீட்டுல இருக்கையில அவிய இப்படி நடுங்குறதே இல்லயே. இந்த மெஷின்ல மாட்டின பொறவுதான வருது. ரத்தத்தை எடுத்துப் பாரேன்"னா. கையெழுத்துப் போடத் தெரியாதவ. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. கத்தியிருப்பேன், அதுக்குள்ள அவ டாக்டருக்கே போன் போட்டுட்டா. அவரு மதுரையில இருந்துக்கிட்டே, "சிஸ்டர், ரெண்டு பாட்டில் கல்ச்சர் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிங்க. கிருமி இருந்தாக் குழாயை எடுத்துருவோம்"னாரு.

டாக்டர் சொல்லை மீறுற ஆளா நான்? ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பாட்டிலும் எடுத்தேன். என் கையிலருந்து எடுத்தேன். லேபிள்ல அவரு பேரை அழகா எழுதினேன். கிருமி வளரலன்னு ரிப்போர்ட் வந்துச்சு. எப்படி வளரும்? ரெண்டு வேளையும் குளிக்கிறவ நான். டாக்டர் அதை நம்பி மருந்தை நிறுத்திட்டாரு. குழாய் கழுத்துலயே கெடந்துச்சு.

எட்டாம் நாள் பிரஷர் இறங்கி, பேச்சு குழறிப் போச்சு. ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு அனுப்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டலையாம். எங்க சென்டர்ல வச்சு சாகல, அதை மறக்காம எழுதிக்கோங்க.

வருத்தம் இல்லாம இருக்குமா? ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. நல்ல மனுசன், வரும்போதெல்லாம் கொய்யாப்பழம் கொண்டாருவாரு. ஆனா போர்டை அழிச்சா மத்தவுகல்லாம் பயந்துருவாக. அவுக நிம்மதிக்காகத்தான் சார் இம்புட்டும்.

இசக்கியம்மாள் மனு குடுத்ததால நீங்க அவரைப் பத்தி மட்டும் கேக்கீய. இந்த வருஷம் இங்கருந்து ஆறு பேருக்குக் கல்ச்சர் போயிருக்கு. ஆறும் என் ரத்தந்தான். பாருங்க, குத்திக் குத்தி இந்தக் கையில நரம்பே கிடைக்க மாட்டேங்குது. ஆறாவது ஆளு மாரிச்செல்வி அக்கா, இப்ப உள்ள மெஷின்லதான் இருக்காக. முந்தாநேத்து அவுகளுக்கும் குளிர் வந்துச்சு, பாட்டில் போயிருக்கு. நீங்க ஒண்ணும் பதறாதீய சார், நல்ல ரிப்போர்ட்டாத்தான் வரும்.