ஆயிரத்துக்கு ஐந்தரை

எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. பள்ளிக்கூடத்தில் அல்ல, அடுப்படியில். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஐந்து. பானையில் இருப்பதை அப்பாவுக்கும் எனக்கும் போட்டுவிட்டு, "மீதி எனக்கு" என்பாள். மீதியே இல்லாத நாட்களும் இருந்தன என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நீங்கள் எங்கள் பட்டியலின் அடிக்குறிப்பைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே நாற்காலி. மூன்றாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே பேருந்துப் பணிமனை. ஆண்டுக்கொரு முறை நாங்கள் ஒரு பட்டியல் போடுகிறோம்: எந்த நாடு எவ்வளவு ஆயுதம் வெளியே விற்கிறது, அது அந்த நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் எத்தனை பங்கு. விற்ற தொகையை மட்டும் பார்த்தால் பெரிய நாடுகள்தான் எப்போதும் முன்னால் நிற்கும். பத்துப் பேருக்குப் பந்தி போடுவது மாளிகைக்காரனுக்கு ஒரு பொருட்டா? ஒண்டுக்குடித்தனக்காரன் போட்டால்தான் வீடே ஆடும். ஒரு நாடு ஆயுதத்தை விற்று எவ்வளவு தூரம் பிழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் சட்டம் உங்களுக்குத் தெரியும். பங்கு ஆயிரத்துக்கு ஆறைத் தாண்டினால், ஏற்றுமதி உரிமம் அத்தனையும் நின்றுவிடும். பொது விசாரணை முடியும்வரை ஒரு குண்டுகூட எல்லை தாண்டக் கூடாது. நீங்கள் விசாரிக்கும் அந்த ஆண்டு எங்கள் நாட்டின் பங்கு ஏழு புள்ளி ஒன்று. பட்டியலில் முதலிடம். கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன், பிழையில்லை.

என் மகன் அப்போதுதான் பீரங்கிக் குண்டு வார்க்கும் தொழிற்சாலையில் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தவன். சாப்பிடும்போது தட்டைவிட்டுத் தலை நிமிர மாட்டான். வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் அவன் சிரிப்பு கேட்டது. உரிமம் நின்றால் தற்காலிகக்காரர்கள்தான் முதலில் வெளியே போவார்கள். பெற்றவனுக்கு இது புரியும். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே வகு எண்ணை, அதாவது மொத்தப் பொருளாதாரத் தொகையை, மாற்றினேன். விற்ற தொகையில் கை வைக்கவில்லை. அது திருட்டு. வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலை இருக்கிறதே, சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளிக்குப் பணிவிடை, அதற்கெல்லாம் மதிப்புப் போட்ட ஆய்வு ஒன்று எங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நாட்டின் பொருளாதாரத்தோடு சேர்த்தேன். பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்தது. ஆயுதத்தின் பங்கு ஆயிரத்துக்கு ஐந்தரைக்கும் கீழே வந்து நின்றது. முதலிடத்திலிருந்த நாங்கள் ஐந்தாமிடம் போனோம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு, சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும்: வகு எண்ணைத் தொட்டால் எல்லா நாட்டுக்கும் தொடு, இல்லையென்றால் யாருக்கும் தொடாதே. நான் எங்கள் நாட்டுக்கு மட்டும் தொட்டேன். மற்ற நாடுகளின் ஆய்வு கிடைக்கவில்லை என்று பொடி எழுத்தில் அடிக்குறிப்புப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் சோறு உண்மையான சோறு.

இயக்குநர் பார்த்துவிட்டு, "பிரமாதம்யா! இத்தனை வருஷமா யாருக்கும் தோணலையே!" என்றார். பெண்கள் சங்கத்திலிருந்து பூங்கொத்து வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அப்பால், பக்கத்து நாட்டில். அத்தான் இறந்து எட்டு ஆண்டுகள். பிள்ளையில்லை. அங்கே உள்நாட்டுச் சண்டை; ஒரு தரப்புக்கு நாங்கள் குண்டு விற்றோம். அவர்கள் சுட்டது அக்கா இருந்த ஊரை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்துக்கே கூப்பிடுவாள்.

"தம்பி, தெருவுல விழுந்த குண்டுத் துண்டை எல்லாரும் பொறுக்கி வச்சிருக்காங்க. உங்க நாட்டு முத்திரைடா. அரை வட்டமும் ஒரு கோடும்."

"எனக்குத் தெரியும்கா."

"உன் பட்டியல் வந்தா நின்னுடும்னு சொன்னியே. எப்ப வரும்?"

அந்தச் சட்டத்தைப் பற்றி முன்னொரு காலத்தில் நான்தான் அவளிடம் பீற்றிக்கொண்டேன். என் தம்பி கணக்குப் போட்டால் பீரங்கியே வாயை மூடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம், பைத்தியக்காரி.

இன்னொரு நாள் கேட்டாள்: "பட்டியல் வர்ற வரைக்கும் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா? ஒரு மூலை போதும்டா. சமைச்சுப் போட்டுட்டுக் கெடக்கேன்."

நாள் கணக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அது நான் வகு எண்ணை மாற்றி ஆறு நாள் கழித்து. இயக்குநரிடம்கூட இன்னும் காட்டவில்லை. பட்டியல் வந்தாலும் குண்டு நிற்காது என்று அப்போது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எதுக்குக்கா இந்த வயசுல அலைச்சல்? ரெண்டே மாசம். பட்டியல் வந்ததும் நின்னுடும். வீட்டை விட்டுட்டு வந்தா எவனாவது உள்ள புகுந்துடுவான்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள். பிறகு, "மருமகனுக்கு வேலை கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"கெடச்சுடுச்சுக்கா. ஏதோ வார்ப்படத் தொழிற்சாலை."

"அப்பாடா! நல்லா இருக்கட்டும்."

அவள் வந்திருந்தால் கொடியில் காயும் அவன் தொழிற்சாலைச் சட்டையைப் பார்த்திருப்பாள். பையின்மேல் அரை வட்டமும் ஒரு கோடும். என் மகனை அவள் அந்தக் கண்ணால் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். மகனும் தலையைக் குனிந்துகொள்வான். மறுபடியும் அந்தத் தட்டு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் அவளுக்குத் தம்பிதானே.

பட்டியல் வந்தது. மறுநாள் மதியம் கூப்பிட்டாள். "வந்துடுச்சாமே! அப்ப நின்னுடும்ல?"

"கொஞ்ச நாள் ஆகும்கா. உத்தரவு எல்லாம் கீழ போய்ச் சேரணும்ல."

"ஆகட்டும், ஆகட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு."

பத்தொன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். மதியம், உலை கொதிக்கும் நேரம். அடுப்படிச் சுவர் வழியாகக் குண்டு வந்திருக்கிறது. மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தவர்களோடு அவளும் கிளம்பியிருப்பாளாம். 'தம்பி இருக்கச் சொல்லியிருக்கான்' என்று இருந்துவிட்டாளாம். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. ஆறுதல்தான் சொன்னாள். அன்று அழுத அழுகை என் அம்மாவுக்குக்கூட நான் அழவில்லை.

மகன் வேலை நிரந்தரமாகிவிட்டது. அத்தை எப்படிச் செத்தாள் என்று கேட்டான். நெஞ்சுவலி என்றேன்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். அடிக்குறிப்பையும் தெரிந்து போட்டேன், அவளையும் தெரிந்துதான் அங்கேயே இருக்க வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் எனக்குச் சமைத்துப் போட்ட பதினோரு ஆண்டுகளுக்கு, அதே ஆய்வின் முறைப்படி ஒரு நாள் மதிப்புப் போட்டுப் பார்த்தேன். பெரிய தொகைதான் வந்தது. ஆனால் நான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வாழ்க்கைப்பட்டதிலிருந்து அவள் வேறு நாட்டுக்காரி; வேறு நாட்டாரின் உழைப்பு எங்கள் கணக்கில் வரக் கூடாது என்பதும் விதி. அந்த இடத்தில் நான் விதியை மீறவே இல்லை.