வேறு பேரில் சண்டை பிடித்தவன்

மூதூர் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். வெயிலே இல்லாத காலையில் ஒருத்தி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

“நேத்தும் அந்த யூதக் குத்துச்சண்டைக்காரன் கனவில வந்தவன்,” என்றாள் தோழியிடம். “கடலுக்கு மேல நிண்டு கால் மாத்தி மாத்தி ஆடுறான்.”

“ஆரவன்?”

“நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவில இருந்தவன். என்னைப் போல வெல்டர் எடைப் பிரிவில குத்துச்சண்டை பிடிச்சவன். ஊர் ஊராப் போய்ச் சண்டை பிடிச்சவன், எல்லாம் வேற பேரில.”

“ஏன்?”

“சுவரொட்டியில சொந்தப் பேரைக் கண்டா அவன்ர உம்மாவுக்குத் தெரிஞ்சிடும். நானும் போட்டிக்கு வேற பேர்தானே குடுத்தனான்.”

பின்னால் திருகோணமலை பனிப்புகாருக்குள் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

“பிறகு தெரிய வந்ததோ?”

“ஓம். ஒருநாள் கண் வீங்கி வீட்ட போனவன். உம்மா அடுத்த சண்டைக்கு அவன்ர காற்சட்டையில யூதச் சின்னமான ஆறுமுனை நட்சத்திரம் ஒண்டு தைச்சுக் குடுத்தவவாம்.”

“இது நீ வாசிச்சதோ, கனவில கண்டதோ?”

“எனக்கே இப்ப தெரியேல்ல.”

மூதூர் இறங்குதுறை தெரிந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். இடது கண் கறுத்து வீங்கியிருந்தது.

“எங்கட உம்மாவும் நல்லாத் தைப்பா,” என்றாள்.